குறுக்கே போனால் கிட்டத்தான்

நல்ல சாலை இருக்கும்போது அதை விட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்குகிறவர்கள் மூன்று வகை. ஆடு மேய்ப்பவர்கள், தேன் எடுப்பவர்கள், மைத்துனர் உள்ளவர்கள். நான் மூன்றாம் வகை.

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையிலும் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி கண்ணை மூடிக்கொண்டு வந்த என் மைத்துனருக்கு, மேலே வந்து டீ உள்ளே போனதும் வீரம் வந்துவிட்டது. அறப்பளீசுவரர் கோயிலுக்குச் சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறதாம். “குறுக்கே போனா கிட்டத்தான் மாமா” என்று கைப்பேசிப் படத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரலுக்கு மேடு பள்ளம் ஏது?

சாலையின் ஒரு பக்கம் காப்புக்காடு; அத்துமீறி நுழைந்தால் குற்றம் என்று வனத்துறைப் பலகை. மறுபக்கம் மிளகுக்கொடி படர்ந்த தோட்டம். “அப்படியே இறங்கிப் போகலாமா?” என்று கேட்டதற்கு, தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இந்த மலையில் கொல்லிப்பாவை என்று ஒருத்தி உண்டு, சிரித்தே ஆளைக் கொல்வாள் என்று கதை. அவளுக்கு உறவுக்காரராக இருக்கலாம்.

மலையில் நடக்க எவ்வளவு நேரமாகும் என்பதற்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். 300 மீட்டர் ஏற்றத்துக்கு அரை மணி நேரம் கூடுதல். மைத்துனர் இதை எங்கோ படித்துவிட்டு, “சாப்பாட்டுக்குள்ள போயிடலாம்” என்றார். நெய்ஸ்மித் இண்டங்கொடியைப் பார்த்திருக்க மாட்டார்.

மற்ற முட்கள் குத்தும். இண்டு பிடித்து வைத்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் சாப்பிடாமல் நழுவுகிறவனைப் பெண்ணின் பெரியப்பா பிடிப்பாரே, அந்தப் பிடி. முள் கொக்கியாக வளைந்திருப்பதால், முன்னே இழுக்க இழுக்க இன்னும் ஆழமாக மாட்டும். விடுபட ஒரே வழி, பணிவாகப் பின்னால் நகர்வது. மைத்துனருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எனவே அவர் முன்னால் போனார், சட்டை பாதி வரை வந்து நின்றுவிட்டது.

அதைத் தாண்டினால் உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்துச் செடி இது. பூ அழகாக இருக்கிறதே என்று வெள்ளைக்காரர்கள் 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது ஒரு நாள் வேலியைத் தாண்டியது. இன்று நாடெங்கும் காடுகளில் மண்டிக் கிடக்கிறது. பாதையில்லாப் பயணத்தில் உருப்படியாக ஊர் போய்ச் சேர்ந்த உயிர் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மேகம் மூடியது. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக ஜெர்மனியில் ஆட்களைக் காட்டில் விட்டு, நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியன் தெரிந்தபோது நடந்தவர்கள் நேராகவே போனார்கள். வானம் மூடியிருந்தபோது நடந்தவர்கள் வட்டம் போட்டு, தாங்கள் நடந்த இடத்தையே மறுபடி கடந்தார்கள். அது அவர்களுக்கே தெரியவில்லை.

“இங்க பலா மரம் நிறைய இருக்கு மாமா.”

“எல்லாத்துக்கும் பக்கத்துல உங்க சட்டைத் துணி தொங்குதே மாப்பிள்ளை?”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. செந்தட்டி பட்ட காலைச் சொறிவதில் மும்முரமாக இருந்தார்.

கடைசியில் ஒரு வெட்டவெளி வந்தது. மைத்துனர் இடுப்பில் கைவைத்து நின்று, மனிதக் காலடியே படாத இடம் என்று அறிவித்து, போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். படத்தில் அவருக்குப் பின்னால் மஞ்சள் பூசிய மூன்று கல், ஒரு சூலம், வாடாத எலுமிச்சம்பழம், இவற்றோடு தலையில் விறகுக்கட்டும் காதில் கைப்பேசியுமாக ஒரு பாட்டியும் விழுந்திருந்தார்.

பேச்சை முடித்துவிட்டு வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார். கோயிலுக்குப் போகிறோம் என்றோம். செருப்புக்கூட இல்லாத காலால் புதரை விலக்கி, அதுவரை எங்கள் கண்ணில் படாத ஒத்தையடிப் பாதையைக் காட்டினார். சாலை அங்கிருந்து கூப்பிடு தூரம்தானாம்.

“அதான் ரோட்டுல பஸ்ஸு போவுதே சாமி” என்றவர், மைத்துனரின் மிச்சச் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விறகை இறக்கிவைத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை நீட்டினார்.

“டிக்கெட்டுக்கு வச்சுக்க.”

மைத்துனர் வாங்கிக்கொண்டார்.