வள்ளென்று விழுகிறவர்களிடம் என்ன பேசுவது?

அண்ணாச்சி, பஸ்ஸில் சில்லறை இல்லையென்று கண்டக்டர் எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். அந்தக் கூட்டத்தில் எங்கே நின்று ஜெபிப்பது?
(வாசகர், பாளையங்கோட்டை)

நின்ற இடத்திலேயே, தம்பி. நெகேமியா பெர்சிய ராஜாவுக்குப் பானம் பரிமாறிக்கொண்டு நிற்கிறார். உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் அவர் ஜெபித்தார் என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. முழங்கால் போட நேரமில்லை, கண்ணை மூடவும் வழியில்லை. ராஜா முன்னால் அவருக்குக் கிடைத்த அந்த ஓரிரு விநாடி, கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கிற நேரத்தில் உங்களுக்கும் கிடைக்கிறது. “ஆண்டவரே, என் வாயைப் பார்த்துக்கொள்ளும், இவருக்கு இன்றைக்கு நல்ல நாளாக அமையட்டும்.” அவ்வளவு போதும். காலை முதல் டிரிப்பில் ஏறுகிற அத்தனை பேரும் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் அந்த மனுஷன் எங்கே போவார்? நாளைக்குச் சில்லறையோடு ஏறுங்கள். அதையும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரியாதையில்லாமல் பேசுகிற கடைக்காரரை விட்டு வேறு கடைக்குப் போனால், நான் மன்னிக்கவில்லை என்று ஆகிவிடுமா?
(வாசகி, நாகர்கோவில்)

ஆகாது. சமாரியாவில் ஒரு கிராமம் இயேசுவுக்கு இடம் தரவில்லை. யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து அக்கினியை வரவழைக்கட்டுமா என்று கிளம்பினார்கள். அவர் அந்த இரண்டு பேரையும் அதட்டிவிட்டு அடுத்த கிராமத்துக்கு நடந்தார் (லூக்கா 9). கடையைத் தாராளமாக மாற்றுங்கள். கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டு அக்கினியை இறக்க நினைத்தால் மட்டும், ஒரு ராத்திரி பொறுத்து, ஜெபித்துவிட்டுப் போடுங்கள். பெரும்பாலும் காலையில் கை வராது.

ஒரு அரசு அலுவலகத்தில் மனு கொடுக்கப் போன என்னை நாயை விரட்டுவதுபோல் விரட்டினார்கள். கிறிஸ்தவன் மறு கன்னத்தைக் காட்டிவிட்டு வந்துவிட வேண்டியதுதானா?
(வாசகர், சாயர்புரம்)

மறு கன்னத்தைப் பற்றி மலையில் பிரசங்கித்தவரே பிற்பாடு கன்னத்தில் அறை வாங்கினார். அப்போது அவர் என்ன செய்தார் என்பது யோவான் 18-இல் இருக்கிறது. விசாரணை நடக்கும்போது பக்கத்தில் நின்ற சேவகன் அறைகிறான். இயேசு திருப்பி அடிக்கவில்லை, சபிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டும் நிற்கவில்லை. நான் பேசியதில் தப்பு இருந்தால் எடுத்துக் காட்டு, இல்லையென்றால் ஏன் அடித்தாய் என்று அவன் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

பவுலும் அப்படித்தான். பிலிப்பி பட்டணத்தில் அவரையும் சீலாவையும் விசாரிக்காமலே அடித்துச் சிறையில் போட்டார்கள். விடிந்ததும் சத்தமில்லாமல் அனுப்பிவிடப் பார்த்தார்கள். நாங்கள் ரோமர்கள், அதிகாரிகளே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்று பவுல் நகர மறுத்துவிட்டார். அவர்களும் வந்து கேட்டுக்கொண்டார்கள். அதே பவுல்தான் முந்தின ராத்திரி அந்தச் சிறைக்குள் ஜெபித்துப் பாடியவர், உயிரை விடப்போன சிறைக்காவலனைக் கூப்பிட்டுத் தடுத்தவர். காவலன்மேல் இரக்கம், அதிகாரிகளிடம் நியாயம், இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன.

ஆகவே திரும்பப் போங்கள். வாசலில் ஜெபித்துவிட்டு உள்ளே போங்கள். “ஐயா” என்று கூப்பிட்டே மனுவுக்கு ரசீது கேளுங்கள். தரவில்லை என்றால் மேலதிகாரிக்கு எழுதுங்கள். மனு என்ன ஆயிற்று என்று கேட்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது, 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கோபத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக இதைச் செய்யவேண்டாம். உங்களுக்குப் பின்னால் அதே ஜன்னலில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி மனுவோடு நிற்பார், அவருக்காகச் செய்யுங்கள்.

ஜெபித்தால் எதிராளி மாறுவாரா?
(வாசகர், திண்டுக்கல்)

மாறலாம். ஆனால் அதைப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்காமலும் போகலாம். ஸ்தேவான் தன்மேல் கல்லெறிந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டு மரித்தார். அவர்களுடைய துணிகளுக்குக் காவல் நின்ற சவுல்தான் பிற்பாடு பவுல்.

நான் ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை செய்கிறேன். யாரும் திட்டுவதில்லை, ஆனால் யாரும் பார்ப்பதும் இல்லை. “ஏம்மா, இங்கே துடை” என்பார்கள். பல வருஷமாகியும் என் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. திட்டினால்கூடத் தேவலை போல இருக்கிறது.
(வாசகி, அம்பத்தூர்)

அம்மா, இந்த மாதம் வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தை எடுத்து, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். சாராய் பேசும்போது ஆகார் அவளுடைய அடிமைப்பெண். ஆபிராம் பேசும்போதும் அவள் சாராயின் அடிமைப்பெண்தான். அந்த வீட்டார் வாயிலிருந்து அவள் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அவள் பிள்ளைத்தாய்ச்சியாக ஓடிப்போய், சூருக்குப் போகிற வழியில் ஒரு நீரூற்றுப் பக்கத்தில் இருக்கிறாள். அங்கேதான் கர்த்தருடைய தூதனானவர் அவளை ஆகாரே என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறார். உடனே அவள் தன்னைப் பார்க்கிற தேவன் என்று கடவுளுக்கே ஒரு பெயர் வைக்கிறாள். வேதத்தில் அப்படி முதலில் பெயர் வைத்தவர் ராஜாவும் அல்ல, தீர்க்கதரிசியும் அல்ல. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு வேலைக்காரப் பெண்.

உங்களைப் பார்க்கிறவரும் அவர்தான். அவரிடம் இந்த வருத்தத்தை மறைக்காமல் சொல்லுங்கள், அழுதும் சொல்லலாம். இன்னொன்று. மற்றவர்கள் வருவதற்கு முன்னால், காலையில் மேஜைகளைத் துடைப்பீர்கள் அல்லவா? மேஜைக்கு மேஜை பெயர்ப்பலகை இருக்கும். டீ டம்ளர் வைத்த வட்டக் கறையைத் தேய்க்கும்போது, அந்த மேஜைக்காரர் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபியுங்கள். அவர்களுக்கு உங்கள் பெயர் தெரியாவிட்டாலும் அவர்கள் பெயரைத் தினமும் கடவுளிடம் கொண்டுபோகிற ஆள் நீங்கள் ஒருவர்தானோ என்னவோ. அடுத்த தடவை “ஏம்மா” என்று கூப்பிட்டால் உங்கள் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: உங்கள் அலுவலகத்தில் துடைக்கிறவர் பெயர் என்ன? தெரியாதென்றால் திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கேளுங்கள்.

காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறேன். நன்றாயிருக்கிறது என்று வீட்டில் ஒருவர்கூடச் சொல்வதில்லை. பாராட்டை எதிர்பார்ப்பது பாவமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பாவமில்லை, தங்கச்சி. குஷ்டம் நீங்கிய பத்துப் பேரில் ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசுவே கேட்டிருக்கிறார். உங்களுக்கு வலித்தால் அது இயல்புதான். ஜெபித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் இல்லாமல் வேறொரு நேரத்தில், வீட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதிப் பேர் கவனிக்காமலே இருந்திருப்பார்கள்.

லிசியே நகரத்துக் குழந்தை தெரசாள் (1873–1897) கன்னிமடத்தில் துணி துவைக்கும்போது, எதிரே நின்ற கன்னிகை அழுக்குத் தண்ணீரை அவர் முகத்தில் தெறித்துக்கொண்டே இருப்பாராம். தெரசாள் விலகாமல் அதைக் காணிக்கையாக ஏற்றுக்கொண்டார். அது அவராக விரும்பித் தேர்ந்துகொண்டது. நீங்களும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்காவோ மாமியாரோ சொன்னால், அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஊர் மாறி வந்து புது ஆலயத்துக்குப் போகிறேன். ஆராதனை முடிந்ததும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு “ஸ்தோத்திரம்” கூட இல்லை.
(வாசகர், ஓசூர்)

பொன் மோதிரக்காரருக்கு நல்ல இடம், ஏழைக்குத் தரை என்று உட்காரவைத்த சபையை யாக்கோபு தம் நிருபத்திலேயே கண்டித்திருக்கிறார். நம் வியாதி புதிதல்ல. அடுத்த ஞாயிறு முடிந்ததும் கிளம்பாமல் வாசலில் நில்லுங்கள். உங்களைப்போல் முழித்துக்கொண்டு நிற்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் முதல் ஸ்தோத்திரம் உங்களுடையதாக இருக்கட்டும்.

நேற்று தாமதமாகச் சாப்பாடு கொண்டுவந்த பையனிடம் நானே கத்திவிட்டேன். ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை.
(வாசகி, சென்னை)

அந்தப் பையனிலிருந்தே ஜெபத்தைத் தொடங்குங்கள். பவுலும் ஒருநாள் ஆலோசனைச் சங்கத்தில் பிரதான ஆசாரியரைத் தெரியாமல் கடுமையாகப் பேசிவிட்டு, அவர் யாரென்று தெரிந்ததும் அங்கேயே வார்த்தையைத் திருத்திக்கொண்டார் (அப்போஸ்தலர் 23). முடிந்தால் ஆப்பில் தகவல் அனுப்பி மன்னிப்புக் கேளுங்கள். வழியில்லையென்றால் அடுத்து வருகிற பையனை நிறுத்தி ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். சாப்பாடு கொண்டுவருகிறவர்களை லிஃப்டில் ஏறவிடாத அடுக்ககங்கள் இருக்கின்றன. உங்களுடையதும் அப்படியென்றால், அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள்.