மூக்குக்கு ஒரு நாமம்

எங்கள் வீட்டு ஊஞ்சல் பலகைக்கு என்னைவிட வயது அதிகம். ஆறடி நீளத்துக்கு ஒட்டுப்போடாத ஒரே தேக்கு. வீடு மாறும்போதெல்லாம் நாலு பேர் அதைத் தூக்கியிருக்கிறார்கள்; நாலு பேரும் என்னைத் திட்டியிருக்கிறார்கள். வார்னிஷ் செதில் செதிலாக உரிந்து, தாத்தா வெற்றிலைச் சுண்ணாம்பு தடவிய ஓரம் மட்டும் திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடந்தது. பொங்கலுக்குள் அதைப் புதுசாக்கி மாட்டுவது என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் மனைவி, வழிமொழிந்தவர் மாமியார். அமலாக்கம் என் இலாகா.

தெருமுனைப் பட்டறைப் பெரியவர், தேய்த்துப் பாலிஷ் போட 3,000 ரூபாய் கேட்டார். முப்பத்தோரு வருடம் வங்கியில் அடுத்தவர் கணக்கைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உப்புத்தாள் என்ன விலை, இவர் கேட்பது என்ன விலை என்று மனசுக்குள் கழித்துப் பார்த்து, "நானே பாத்துக்கறேங்க" என்று திரும்பிவிட்டேன். பெரியவர் வருத்தப்படவில்லை. "பாருங்க தம்பி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்போதே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

ஆன்லைனில் சாண்டர் மெஷின் வந்தது. 80, 120, 220 என்று மூன்று நம்பரில் உப்புத்தாளும் வந்தது. தூள் வீட்டுக்குள் போகக் கூடாதே என்று பின்கட்டு அறையின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன். வியர்க்குமே என்று ஃபேனை ஐந்தில் வைத்தேன். மூக்குக்கு? கொரோனா காலத்தில் பயந்துபோய் வாங்கிய நீல மாஸ்க் பீரோவில் ஒரு பெட்டி அப்படியே இருந்தது. வீணாகப் போகாமல் பயன்படுகிறதே என்ற சந்தோஷத்தில் ஒன்றுக்கு இரண்டாக மாட்டிக்கொண்டேன்.

இருபது நிமிஷத்தில் அறைக்குள் மார்கழி வந்துவிட்டது. பலகை தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மெஷினும் தெரியவில்லை. சத்தத்தை வைத்துத்தான் தேய்த்தேன். கடைசியில் மெஷினை நிறுத்தி, மாஸ்கைக் கழற்றி, உள்ளே பழுப்பு நிறத்தில் புதிதாக மின்னிய தேக்கைப் பார்த்து, "ஆஹா, என்ன வாசனை!" என்று நெஞ்சு நிறைய இழுத்தேன். அன்றைக்கு நான் செய்த முட்டாள்தனங்களில் இதுதான் முதல் பரிசு வாங்கியது. கண்ணுக்குத் தெரிகிற தூள் சாது, கீழே விழுந்துவிடும். தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நைஸ் தூள்தான் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து, மாஸ்க் எப்போது இறங்கும் என்று காத்திருக்கும். நான் இறக்கிக் கொடுத்தேன்.

கூடத்துக்கு வந்தேன். மாமியார் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, நம்ம வீட்ல திருநீறுதானே? நீங்க எப்ப நாமத்துக்கு மாறினீங்க?"

கண்ணாடியில் பார்த்தேன். மூக்கின் இரண்டு பக்கத்திலிருந்தும் கண் முனை வரைக்கும் இரண்டு பழுப்புக் கோடுகள், யாரோ வழித்து இட்டதுபோல. மாஸ்கின் மேல்விளிம்பில், மூக்கை ஒட்டி, சந்து இருந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சும் துணி வழியாக வர மெனக்கெடாமல் அந்தச் சந்து வழியாகவே போய்வந்திருக்கிறது. போன வழியைத் தூள் அடையாளம் போட்டு வைத்திருந்தது. மூக்கைச் சிந்தினால் அதுவும் தேக்கு நிறம். மாஸ்க் எனக்கு எல்லா அர்த்தத்திலும் நாமம் போட்டிருந்தது.

கிபி முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியில் சிவப்புச் சாயப்பொடி தயாரித்தவர்கள், மிருகத்தின் மூத்திரப்பையை முகத்தில் தொளதொளவென்று கட்டிக்கொண்டதாக பிளினி என்ற அந்தக் காலத்து எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாயிரம் வருடம் கழித்து நான் வந்து சேர்ந்திருந்த இடமும் அதே தொளதொளதான்.

மூன்று நாள் தும்மல். கையெல்லாம் அரிப்பு. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், உள்ளே மரக்கடை வெச்சிருக்கீங்க?" என்றார். பிறகு கொஞ்சம் சீரியஸாகப் பேசினார். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று நாற்காலிக்குப் பேர்போன ஊர். 1960களில் அங்கே மரச்சாமான் செய்கிறவர்களுக்கு, மற்றபடி அபூர்வமாக வருகிற மூக்குப் புற்றுநோய் அளவுக்கு மீறி வருவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் மரத்தூளை முதல் பிரிவில், அதாவது புகையிலை இருக்கிற அதே பட்டியலில் சேர்த்தது.

எனக்கு நாக்கு வறண்டது. "அதெல்லாம் வருஷக்கணக்கா தூளிலேயே வேலை செய்றவங்களுக்கு சார். உங்களுது ஒரே ஒரு பலகை. ஆனா தும்மறது நீங்கதானே?" என்றார். தேக்குக்கென்றே ஒரு குணம் உண்டாம். கரையான் அண்டாமல் மரத்தைக் காக்கிற சத்துகள் அதற்குள் ஊறியிருக்கின்றன. அந்த வகையறாதான் சிலருக்கு அரிப்பையும் தும்மலையும் கிளப்பும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "கரையானுக்கு ஆகாதது எனக்கும் ஆகலையாம்."

"இத்தனை வருஷமா வீட்டை அரிக்கறது யாருன்னு இப்பத்தான் தெரியுது" என்று குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

அடுத்தது என்95. மருந்துக் கடையில் காதில் மாட்டுகிற மாதிரி ஒன்று வாங்கினேன். ஒரு நாள் தேய்த்ததில் அழுக்கானது. தூக்கி எறிய மனசு வருமா? சோப்புத்தூளில் ஊறவைத்து, கசக்கிப் பிழிந்து, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். மறுநாள் போட்டால் மறுபடி நாமம். இந்த முறை தென்கலை.

சரி, விவரம் தெரிந்தவரிடம் போவோம் என்று பாரிமுனைப் பக்கம் ஹெல்மெட், கையுறை, கம்பூட் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பையனுக்கு என் மகன் வயது இருக்கும். மாஸ்கைத் துவைத்த கதையைக் கேட்டு, சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தான்.

"சார், அது சல்லடை இல்ல. தலை வாரின சீப்பு காகிதத்தை இழுக்குமே, அந்த மாதிரி கரன்ட் ஏத்தின நார். தூள் பக்கத்துல வந்தா இழுத்து ஒட்டவெச்சுக்கும். சோப்புல ஊறவெச்சா கரன்ட் போயிடும். அப்புறம் அது வெறும் துணி."

என்95இல் வருகிற 'என்' என்றால் எண்ணெய்ப் புகை தாங்காது என்று அர்த்தமாம். நான் அதுவரை நம்பர் என்று நினைத்திருந்தேன். 95 என்பது, பிடிக்க ரொம்பக் கஷ்டமான 0.3 மைக்ரான் அளவுத் துகளில் நூற்றுக்கு 95ஐயாவது நிறுத்தும் என்ற கணக்கு. அதைவிடப் பெரியதும் சுலபமாக மாட்டும். வேடிக்கை என்னவென்றால் அதைவிடச் சின்னதும் சுலபமாக மாட்டும். நம் ஊர்ச் சரக்கில் ஐஎஸ் 9473 என்றும் எஃப்எஃப்பி2 என்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். காதில் மாட்டுவதை ஒதுக்கிவிட்டு, தலைக்குப் பின்னால் போகிற இரண்டு பட்டை வைத்த ரகத்தை எடுத்து வைத்தான். நடுவில் ஒரு வால்வு.

இங்கே என் பொது அறிவு விழித்துக்கொண்டது. "தம்பி, வால்வு வெச்சது கூடாதுன்னு 2020 ஜூலையில மத்திய அரசே சொல்லிச்சே?"

"அது உங்ககிட்டேயிருந்து ஊரைக் காப்பாத்த சார். உள்ள வர்ற காத்தை வடிகட்டும், வெளிய போறதை வடிகட்டாது. உங்க மூச்சு பட்டு ஊஞ்சலுக்குச் சளியா பிடிக்கப் போவுது? வால்வு இருந்தா உள்ள புழுங்காது, கண்ணாடியில ஆவி படியாது."

பிறகு ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தான்.

"தாடி எவ்ளோ நாளா சார்?"

வங்கி வேலையில் தினமும் மழித்தவன், ஓய்வு பெற்ற மறுநாள் ஆரம்பித்த தாடி. மூன்று வருடமாக மனைவி மனுப் போட்டும் தள்ளுபடி செய்து காப்பாற்றிய தாடி. "ஏன், நல்லால்லையா?" என்றேன்.

"மாஸ்க் விளிம்பு தோல்ல உக்காரணும் சார். முடியில உக்காந்தா ஒவ்வொரு முடிக்கும் நடுவுல ஒரு சந்து. எத்தனை காசு குடுத்து வாங்கினாலும் காத்து அந்த வழியாத்தான் வரும். மீசை இருக்கலாம், உள்ளுக்குள்ள அடங்கிடும்."

ரப்பர் முகப்பில் இரண்டு பக்கமும் ரோஸ் நிற வட்டத் தட்டு வைத்த ரகமும் இருந்தது. பி100, நூற்றுக்கு 99.97 பிடிக்குமாம். தினம் தேய்க்கிறவர்களுக்கு அதுதான் லாயக்கு. மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். பேரன் இரண்டு நாள் சாப்பிட மாட்டான் என்று தோன்றியது. கழற்றிவிட்டேன்.

அன்று மாலை சலூனில் தாடி இறங்கியது. மீசைக்கு மட்டும் ஜாமீன். மனைவி வாசலிலேயே நின்று பார்த்து, "மாஸ்க் எந்தக் கடைங்க? அந்தப் பையனுக்கு ஒரு கிலோ ஸ்வீட் அனுப்பணும்" என்றாள்.

அதன்பின் மாஸ்க் போடுவது தினசரி பூஜை ஆனது. மேல் பட்டை உச்சந்தலைக்கு, கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரிக்கு. மூக்கு மேலிருக்கிற தகட்டை ஒரு கையால் கிள்ளக் கூடாது. இரண்டு கை விரலாலும் நடுவிலிருந்து கன்னம் வரை அழுத்தித் தடவ வேண்டும். கடைசியாக இரண்டு உள்ளங்கையாலும் மாஸ்கைப் பொத்தி மூச்சை இழுத்தால், அது முகத்தோடு ஒட்டிச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் எங்கேயோ சந்து. முதல் தடவை எல்லாம் சரியாகச் செய்து தேய்த்துவிட்டு வந்து கண்ணாடியைப் பார்த்தபோது முகம் மொத்தமும் பழுப்பு, மாஸ்க் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளை. அனுமார் மாதிரி இருந்தேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இதற்கிடையில் பட்டறைப் பெரியவர் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். சாத்தின கதவைத் திறந்தவர், உள்ளே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கதவைச் சாத்திக்கிட்டு எவனாச்சும் தேய்ப்பானா தம்பி? வேப்ப மரத்தடிக்குத் தூக்கிட்டு வாங்க. காத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்தா தூள் அதுபாட்டுக்கு அந்தாண்டை போவும்."

ஆயிரக்கணக்கில் செலவழித்துப் படித்த பாடத்தில் பாதி இந்த இரண்டு வரியில் இருந்தது. மீதிப் பாதியை நான் அவருக்குச் சொன்னேன். நாலு மாஸ்கும் கொடுத்தேன். மறுநாள் பட்டறைப் பக்கம் போனபோது தாடைக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார். அவர் தாடி என்னுடையதைவிடப் பெரியது. ஊருக்கு உபதேசம் பண்ணுகிற நிலையில் நானும் இல்லை.

220 நம்பர் தாள் போட்டுத் தேய்த்து முடிந்தது. உப்புத்தாளின் நம்பர் ஏற ஏறப் பலகை வழவழக்கும், தூளும் மாவாகும். ஆகவே வேலை முடியப்போகிறதே என்று மாஸ்கைத் தளர்த்தினால் மாட்டினீர்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தேன். பாலிஷ் போடும்போது மாஸ்கை மீறித் தின்னர் நெடி அடித்தது. கடைக்குப் போன் போட்டு, ஓட்டை மாஸ்கைத் தலையில் கட்டிவிட்டாய் என்று கத்தினேன். "தூள் வேற, ஆவி வேற சார். ஆவிக்குக் கரி அடைச்ச ஃபில்டர் தனியா இருக்கு" என்று பொறுமையாகச் சொன்னான். ஸ்வீட் நிஜமாகவே அனுப்பியிருக்கலாம்.

ஊஞ்சல் இப்போது ஆடுகிறது. மேல்பக்கத்தில் முகம் பார்க்கலாம், தாடியில்லாத முகம். அடிப்பக்கத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அங்கே தாத்தா 1974இல் அடித்த பச்சை எனாமல் இருக்கிறது. பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பெயிண்டில் எவ்வளவு இருக்குமோ. தவழ்கிற பேரன் இருக்கிற வீட்டில் அதைப் பொடியாக்கிப் பறக்கவிட எனக்கு தைரியமில்லை. அது பச்சையாகவே இருக்கட்டும்.

இருபது மாஸ்க் உள்ள பெட்டியாகத்தான் தருவேன் என்று கடையில் சொல்லிவிட்டதால் இன்னும் ஒன்பது மிச்சம் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து சும்மா எடுத்துப் போகலாம். தாடி வைத்தவர்கள் சலூன் வழியாக வரவும்.