புள்ளி வைத்தால் போதுமா?

நிரல் எழுதுகிறவர்களுக்கு வாய்த்த சந்தோஷங்களில் மலிவானது ஒன்று உண்டு. ஒரு பெயரை அடித்துப் புள்ளி வைத்ததும், அடுத்து என்னென்ன எழுதலாம் என்று எடிட்டர் பட்டியல் நீட்டும். 1997இல் விஷுவல் பேசிக் 5 வந்தபோது பலருக்கும் இந்தப் பழக்கம் தொற்றியது. நம் ஊர்க் கல்லூரி லேப்களில் அதற்குப் பிறகும் வெகுகாலம் டர்போ சி-யின் நீலத் திரைதான். அது பட்டியலும் நீட்டாது, பரிதாபமும் காட்டாது. ஃபங்ஷன் பெயர்களை மனப்பாடம் செய்தவன் பாஸ். மற்றவன் பக்கத்து சிஸ்டத்தை எட்டிப் பார்ப்பான்.

அந்த நீலத் திரையில் தொடங்கி, பிறகு பட்டியல் இல்லாமல் ஒரு வரிகூட எழுத முடியாத நிலைக்கு வந்துசேர்ந்தவர் நம் கடலூர்க்காரர். திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலிருந்தே வேலை. ஓய்வு நேரத்தில், கடலூர் - சிதம்பரம் பஸ்களின் நேரத்தையும் டிக்கெட் விலையையும் சொல்லும் ஒரு புரோகிராமை பைதானில் எழுத ஆரம்பித்தார். கிளாஸ் பெயர்களைத் தமிழிலேயே வைத்தார்: 'பேருந்து', 'நிறுத்தம்', 'பயணி'. பைதான் 3.0 வந்த 2008இலிருந்தே இதற்குத் தடை இல்லை.

எழுதிவிட்டுப் புள்ளி வைத்தார். ஒன்றும் வரவில்லை.

சும்மா ஒரு சரத்தை அடித்துப் புள்ளி வைத்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட மெத்தடுகள் கொட்டுகின்றன. அவர் தானே பெற்று வளர்த்த 'பேருந்து' கிளாஸுக்கு ஒன்றுகூட இல்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள்; எடிட்டரில் அது நடப்பதில்லை.

கண்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்திப் பட்டியலை வரவழைக்கலாம் என்பது விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் வழி. அழுத்தினார். தமிழ் விசைப்பலகை ஆங்கிலத்துக்கு மாறியது. மேக் கணினியில் ஒன்றுக்கு மேல் விசைப்பலகை வைத்திருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதற்கும் அதே ஜோடிதான். தமிழில் நிரல் எழுதுகிறவர்தான் இரண்டு விசைப்பலகை வைத்திருப்பார்; அவருக்குத்தான் இது நடக்கும்.

குறுக்குவழியை வேறு விசைக்கு மாற்றியதும் ஒரு பட்டியல் வந்தேவிட்டது. முதல் பரிந்துரை: 'அப்புறம்'. அடுத்தது: 'பார்க்கணும்'. மேலே ஒரு குறிப்பு வரியில் 'இதை அப்புறம் பார்க்கணும்' என்று அவரே எழுதி வைத்திருந்தார். மொழியறிவு உள்ள பகுதியிடமிருந்து பதில் வராதபோது, திறந்திருக்கும் கோப்பில் உள்ள சொற்களையே பொறுக்கி நீட்டுவது விஎஸ் கோட் போன்ற எடிட்டர்களின் வழக்கம். அப்படி வரும் சொல்லுக்குப் பக்கத்தில் 'ஏபிசி' என்று ஒரு குட்டிச் சின்னம் இருக்கும். அதைப் பார்த்தால், எடிட்டருக்கு விஷயம் தெரியாது, சமாளிக்கிறது என்று அர்த்தம்.

சிதம்பரம் மேலவீதியில் இருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டார். அவனும் இதே தொழில்தான்.

"மாமா, புரோகிராம் ரன் ஆகுதா?"

"ஜம்முனு ஆகுது மாப்ள. எடிட்டர்தான் அப்படி ஒரு கிளாஸே இல்லைங்குது."

"எடிட்டர் உங்க புரோகிராமை ஓட்டியே பாக்காது மாமா. வாசிச்சு மட்டும்தான் பாக்கும். கிளாஸ் எந்த ஃபோல்டர்ல இருக்கு?"

வேறொரு ஃபோல்டரில்தான் இருந்தது. புரோகிராம் ஓடும்போது அந்த ஃபோல்டரின் பாதையை அதுவே தேடல் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். ஓட்டிப் பார்க்காத எடிட்டருக்கு அந்தச் சேதி போய்ச் சேராது. 2020இல் வந்த பைலான்ஸ் என்ற நீட்சியில் 'எக்ஸ்ட்ரா பாத்ஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் பாதையை எழுதிவிட்டால் இம்போர்ட் வரியின் அடியில் இருக்கும் நெளிந்த கோடு மறைந்துவிடும். மறைந்தது. 'பேருந்து' என்று நேரடியாக ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கிப் புள்ளி வைத்தால் 'நிறுத்தங்கள்', 'புறப்படும்_நேரம்' எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

மகிழ்ச்சி அடுத்த ஃபங்ஷன் வரைக்கும் நீடித்தது.

அந்த ஃபங்ஷனின் பெயர் 'கட்டணம்'. அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது என்பதால், பயணி யார், வண்டி எது என்ற இரண்டையும் அது கேட்டு வாங்கிக்கொள்ளும். உள்ளே 'வண்டி' என்று அடித்துப் புள்ளி வைத்தால் மறுபடியும் மௌனம். வண்டி என்ற பெயரில் பேருந்தும் வரலாம், எண்ணும் வரலாம், எதுவும் வரலாம். எதை நம்பிப் பட்டியல் போடுவது?

சிதம்பரம் பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்து 'புதுச்...' என்று இழுத்தாலே கண்டக்டர் புதுச்சத்திரத்துக்கு டிக்கெட் கிழித்துவிடுவார். புதுச்சேரி வடக்கே இருக்கிறது, வண்டி தெற்கே போகிறது. அதே மனிதரிடம் கடலூர் பஸ் ஸ்டாண்டில், எந்த வண்டி என்றே சொல்லாமல் 'புதுச்...' என்றால் மேலும் கீழும் பார்ப்பார். எடிட்டருக்கும் எந்த வண்டி என்று சொல்ல வேண்டும். 'வண்டி' என்ற பெயரை அடுத்து முக்காற்புள்ளி போட்டு 'பேருந்து' என்று எழுதினால் போதும். 2015 செப்டம்பரில் வந்த பைதான் 3.5 இந்த எழுத்துமுறைக்கு நிலையான பொருள் கொடுத்தது. ஓடும்போது பைதான் இதைச் சரிபார்ப்பதில்லை. வாசிக்கிற கருவிகளுக்காகத்தான் இது. காலிப் பட்டியல் ஒன்றை உருவாக்கினாலும் அதற்குள் என்ன வரப்போகிறது என்று சொல்லிவிடுவது நல்லது.

நம்மவரின் கெட்டிக்காரத்தனம் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. நிறுத்தங்களின் பெயர், தூரம், நேரம் எல்லாவற்றையும் ஓர் எக்செல் கோப்பிலிருந்து வாசித்து, 'செட்ஆட்டர்' போட்டு, ஒரே லூப்பில் ஆப்ஜெக்டுக்குள் திணித்திருந்தார். மூன்றே வரி. நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளும் மூன்று வரி. எக்செல் கோப்பில் ஆலப்பாக்கம் இருக்கிறதா, பி.முட்லூர் இருக்கிறதா என்று எடிட்டருக்கு எப்படித் தெரியும்? அந்த மூன்று வரியை அழித்து, ஒவ்வொரு பண்பையும் அதன் வகையோடு கிளாஸின் தலைமாட்டில் எழுதவேண்டியதாயிற்று. மச்சினன் ஆறுதல் சொல்லவில்லை. "இப்பதான் மாமா எனக்கே படிக்கப் புரியுது" என்றான்.

புள்ளி வைத்ததும் திரைக்குப் பின்னால் நடப்பது ஒரு கடிதப் போக்குவரத்து. முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியாகக் கற்க வேண்டியிருந்தது: ஐந்து எடிட்டர், எட்டு மொழி என்றால் நாற்பது வேலை. 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோட்என்வி மூன்றும் சேர்ந்து ஒரு பொது நெறிமுறையை அறிவித்தன. மொழிக்கு ஒரு சர்வர் இருந்தால் போதும். எந்த எடிட்டரும் அதனிடம் 'இந்தக் கோப்பு, இந்த வரி, இத்தனையாவது இடம், என்ன பொருந்தும்?' என்று கேட்கலாம். வரிகளை அது பூஜ்யத்திலிருந்து எண்ணும். எழுத்துகளை நம்மைப் போல எண்ணாது: 'பேருந்து' நமக்கு நான்கெழுத்து, அதன் கணக்கில் எட்டு. ஏகாரக் கொம்பு தனி, உகரக் குறி தனி, மெய்ப்புள்ளியும் தனி. முத்து அண்ணாமலை முன்னின்று உருவாக்கிய 'ஓப்பன்-தமிழ்' நிரலகத்திடம் கொடுத்தால் நான்கு என்று நம் பக்கம் பேசும்.

எல்லாம் சரியான பிறகு, கேட்காமலேயே முழு வரியை எழுதிக் கொடுக்கும் ஏஐ நீட்சி ஒன்றையும் போட்டுப் பார்த்தார். புள்ளி வைக்கும் முன்பே அது சாம்பல் நிறத்தில் எழுதியது: 'வண்டி.ஜன்னல்_சீட்'. அப்படி ஒரு மெத்தடை அவர் எழுதவே இல்லை. ஏற்றுக்கொண்ட மறுகணம், வகை பார்க்கும் கருவி அடியில் சிவப்புக் கோடு இழுத்தது. ஒன்று ஊகித்தது, மற்றொன்று ஆவணம் கேட்டது.

"யோசனை நல்லாத்தானே இருக்கு மாமா, எழுதிடுங்களேன்" என்றான் மச்சினன்.

எழுத உட்கார்ந்தார். காலியாக இருக்கும் ஜன்னல் சீட்டின் எண்ணைத் திருப்பித் தர வேண்டும். எனவே திருப்பும் வகை 'இன்ட்' என்று போட்டார்.

"ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேர் ஓடுற அன்னைக்கு?" என்று கேட்டான் சிதம்பரத்துக்காரன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்து, 'இன்ட் அல்லது நன்' என்று திருத்தினார்.