கல் மட்டும் கைதானது

என் அக்காவின் பித்தப்பைக் கற்கள் அவள் வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன. சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுப்பார்களே, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, அதில். மொத்தம் 11. கொத்துக்கடலை அளவில் இரண்டு, மிச்சமெல்லாம் மிளகு. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அத்தானைக் கூப்பிட்டு, டப்பாவைக் குலுக்கிக் காட்டி, "பாத்தீங்களா சார், இவ்வளவும் உள்ள இருந்துச்சு" என்றார்கள். அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிய காசுக்குச் சரக்கு கைக்கு வந்துவிட்டதே!

அது ஆகி 14 மாதம். கல் ஷோகேஸில் சௌக்கியம். வலி அக்காவிடம் சௌக்கியம். இரண்டுக்கும் ஒன்றையொன்று முன்பின் தெரியாதோ என்பதுதான் இப்போது எங்கள் குடும்பத்தின் சந்தேகம்.

அக்காவுக்கு இருந்தது ஏப்பம், உப்புசம், மேல்வயிற்றில் எரிச்சல். யாரோ சொன்னார்கள் என்று தள்ளுபடியில் ஒரு மாஸ்டர் செக்கப் செய்துகொண்டாள். ஸ்கேனில் கல் தெரிந்தது. அந்த நொடியிலிருந்து அக்கா மறைந்துவிட்டாள். அதன்பின் அந்த மருத்துவமனையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது கல் மட்டும்தான்.

பித்தக்கல் வலிக்கு ஓர் அடையாளம் உண்டு. மேல்வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழேயோ பிடிக்கும். அரைமணி, ஒருமணி, சில சமயம் பல மணி நேரம் விடாமல் பிழியும். முதுகுக்கோ வலது தோளுக்கோ ஏறும். இராத்திரியில் எழுப்பி உட்கார வைக்கும். வெறும் ஏப்பத்தையும் உப்புசத்தையும் கல்லின் கணக்கில் எழுத முடியாது. இரண்டு நிமிடம் கேட்டால் பிரித்துவிடலாம். யாரும் கேட்கவில்லை. உருப்படியாகக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில்: "பாலிசி போட்டு ரெண்டு வருஷம் முடிஞ்சிடுச்சா மேடம்?"

முடிந்திருந்தது. பல பாலிசிகளில் பித்தக்கல்லுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. அதுவரை வாய் திறக்காமல் கிடந்த கல், தவணை முடிந்த மறுநாளே 'எப்ப வேணும்னாலும் பிரச்சினை பண்ணும்' என்ற நிலைக்கு வந்துவிட்டது. கல்லுக்குக்கூடக் காலண்டர் பார்க்கத் தெரிகிறது.

1882 ஜூலை 15 அன்று பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்பவர்தான் முதன்முதலாக ஒரு மனிதரின் பித்தப்பையை அகற்றினார். நோயாளிக்கு 43 வயது. 16 வருடமாக வலி தின்றவர். லாங்கன்புக்கும் சடலங்களில் பலமுறை ஒத்திகை பார்த்த பிறகே கத்தியை எடுத்தார். நாம் முன்னேறிவிட்டோம். ஸ்கேனிலிருந்து அட்மிஷனுக்கு 16 மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒப்புதல் படிவம் நாலு பக்கம், பொடி எழுத்து ஆங்கிலம். இராத்திரி பத்து மணிக்கு நர்ஸ் பேனாவோடு வந்து, "இங்க, இங்க, அப்புறம் இங்க" என்றாள். அக்கா தமிழ் டீச்சர். ஒற்றுப்பிழைக்கே அரை மதிப்பெண் குறைப்பவள். படிக்காமல் கையெழுத்துப் போட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தாளில்தான்.

அந்த நாலு பக்கத்தில் எங்காவது இது தமிழில் இருந்திருந்தால்? பித்தப்பை எடுத்த பிறகும் தொல்லை தொடர்வதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு: போஸ்ட் கோலிசிஸ்டெக்டமி சிண்ட்ரோம். 100 பேரில் 10 பேருக்கு என்றும் 40 பேருக்கு என்றும் ஆய்வுகள் ஆளுக்கொரு கணக்கு சொல்கின்றன. எண்ணியவர் வெட்டியவராக இருந்தால் 10, வயிற்றுக்குச் சொந்தக்காரராக இருந்தால் 40 என்பது என் ஊகம். நெதர்லாந்தில் 24 மருத்துவமனைகளில் ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கவனித்து, 2019இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பெரும்பாலோர் அறுவை செய்துகொண்டவர்கள். வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களிலேயே, ஒரு வருடம் கழித்து 'வலியே இல்லை' என்றவர்கள் 100க்கு 60 பேர்தான். யாரை அறுப்பது, யாரை விடுவது என்று இன்னும் கறாராகச் சலிக்க வேண்டும் என்று அவர்கள் முடித்தார்கள். நம் ஊரில் சல்லடை கவுன்ட்டரில் இருக்கிறது.

உண்மையான கல்வலிக்காரருக்கு இந்த அறுவை வரம்தான். கல் குழாயில் போய் அடைத்தால் கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்து. அதை யார் மறுத்தது? என் கோபம் கத்தி மீது இல்லை. காது மீது.

அறுவைக்குப் பின் புதிதாக ஒரு தொல்லை வந்து சேர்ந்தது. ஈரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். தேக்கி வைக்கப் பை இல்லாததால் அது குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அது பெருங்குடல் வரை போய்ச் சாப்பிட்டதும் ஓட வைக்கும். நாலாவது பீரியடில் அக்கா செய்யுள் நடத்திக்கொண்டிருப்பாள். திடீரென்று சாக்பீஸை வைத்துவிட்டு, "லீடர், பாத்துக்கோ" என்று கிளம்பிவிடுவாள். பிள்ளைகள் சிரிக்கும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து 14 மாதமாகிறது. பஸ் ரூட் தெரியாத ஊரில்கூடக் கட்டணக் கழிப்பறை எங்கே என்று சொல்வாள்.

இதைப் போய்ச் சொன்னால், முதலில் "ஆறு வாரத்துல செட் ஆயிடும்". பிறகு "ஆறு மாசம்". பிறகு ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்தம். கடைசியில் தீர்ப்பு: "உங்களுக்கு எல்லாம் நார்மல்." நார்மலாக இருந்தது தாள். அக்கா இல்லை. தாளுக்கும் ஆளுக்கும் சண்டை வந்தால் நம் ஊரில் தாள்தான் ஜெயிக்கும். "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று பரிவோடு கேட்டார் டாக்டர். "இருக்கு சார், வயித்து வலி" என்றாள் அக்கா. டென்ஷனுக்கு ஒரு மாத்திரை எழுதினார்.

தேடினால் காரணம் அகப்படும் வயிறுகள் நிறைய. குழாயில் விட்டுப்போன கல், பித்தப்பைக் குழாயில் மிச்சம் வைத்த நுனியில் கல், காயப்பட்டுச் சுருங்கிய பித்தக்குழாய், பித்தநீரால் வரும் பேதி. இல்லையென்றால் ஆரம்பத்திலிருந்தே அது அமிலமோ அல்சரோ குடல் கோளாறோதான். பித்தப்பைக்குச் சம்பந்தமே இல்லை. கண் மஞ்சளித்தாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, அந்த 'ஆறு வாரம்' ஆசீர்வாதத்தை நம்பி உட்காராதீர்கள். அன்றே ஓடுங்கள்.

ஒன்றும் அகப்படாவிட்டால் அடுத்த வெட்டு தயார்: குழாயின் வாயில் இருக்கும் தசையை அறுத்துவிடலாம்! அமெரிக்காவில் 214 பேரிடம் இதைச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு நிஜமாக அறுத்தார்கள். மற்றவர்களுக்கு அறுத்த பாவனை மட்டும். தேறியவர்கள் நிஜத்தில் 100க்கு 23 பேர், பாவனையில் 37 பேர்! சும்மா இருப்பதே சுகம் என்று நம் பெரியவர்கள் இலவசமாகச் சொன்னார்கள்.

கடைசியில் ஓர் அரசு மருத்துவமனை. நெரிசல், டோக்கன், மூன்று மணி நேரக் காத்திருப்பு. உள்ளே ஒரு சின்ன வயது டாக்டர் பத்து நிமிடம் கேள்வி கேட்டாள். எப்போது, எங்கே, எவ்வளவு நேரம், சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில்? கொலஸ்டிரமின் என்று ஒரு பொடி எழுதிக் கொடுத்தாள். ஓட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஏப்பமும் எரிச்சலும் மட்டும் அறுவைக்கு முன் இருந்த இடத்தில் அப்படியே. அது அமிலம்தானாம். அதற்கு வேறு வைத்தியம்.

போன வாரம் அக்கா டப்பாவோடு பழைய மருத்துவமனைக்கே போனாள். நானும் துணைக்குப் போனேன். மேஜைமேல் டப்பாவை வைத்தாள்.

"இதை ஏம்மா எடுத்துட்டு வந்தீங்க?"

"இதுதான் திருடன்னு பிடிச்சுக் குடுத்தீங்க சார். 14 மாசமா ஜெயில்ல வெச்சிருக்கேன். திருட்டு நிக்கல."

டாக்டர் பெல்லை அமுக்கினார்.

வெளியே அடுத்த டோக்கன், முப்பது வயதுப் பெண். கையில் ஸ்கேன் கவர். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்: "எங்கம்மா வலிக்குது உனக்கு?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. செக்கப்ல கல் இருக்குன்னாங்க. நல்லவேளை, பாலிசி போட்டு ரெண்டு வருஷம் முடிஞ்சிடுச்சு."