இலையானும் ஓமோனும்

கேள்வி: கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தட்டில் மொய்க்கிற குட்டி இலையானை வைச்சு விஞ்ஞானிகள் அப்படி என்னத்தைக் கண்டுபிடிச்சவை? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: விசிறியைக் கொஞ்சம் கீழே வையுங்கோ, சொல்லுறன். அந்தக் குட்டி இலையானுடைய புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒவ்வொரு நிறமூர்த்தமும் ஏறத்தாழ ஆயிரம் இழை சேர்ந்து, நல்லூர்த் தேர்வடம் மாதிரித் தடித்திருக்கும். எக்டைசோன் என்ற ஓமோன் வந்ததும் வடத்தின் சில இடங்கள் பொங்கும். அங்கே பரம்பரையலகு வேலை தொடங்கிவிட்டது! முதலில் பொங்கியவை உண்டாக்கும் புரதங்கள் அடுத்தவற்றை எழுப்பிவிட்டு, தம்மையே அடக்கிக்கொள்ளும் என்று 1974இல் விளக்கியவர் மைக்கேல் ஆஷ்பர்னர். பதவியை விட்டிறங்கும் அந்தப் பண்பு இலையானுக்கு மட்டுந்தான் போலும். இந்த ஓமோனை 1954இல் பூட்டெனன்டும் கார்ல்சனும் பிரித்தெடுத்தபோது, 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவில் கிடைத்தது 25 மில்லிகிராம். உங்கள் மாம்பழத்துக்குள்ளே நெளிகிற புழுவோ வேறு இனம். அந்தப் பழத்தைத் தயங்காமல் புதைத்துவிடுங்கோ.