நான் கலைத்துவிட்ட கோச்

2013 பெப்ரவரி 20ஆம் திகதி, புதன்கிழமை. இரவு வேலைக்குப் போவதற்காகச் சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். பஃபலோ சேபர்ஸ் ஹொக்கி அணியின் கோச் லிண்டி ரஃப்பை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள் என்ற செய்தியை என் மனைவிதான் சொன்னாள்.

"உங்களுக்குச் சந்தோசம்தானே? ஆறு வருசமா உந்த ரீவியைப் பார்த்துக் கத்தினியள். கலைச்சுப் போட்டாங்கள்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். "அநியாயம்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அகப்பையைக் கழுவி வைத்துவிட்டு என்னை ஒருதரம் பார்த்தாள். கலியாணமான புதிதில் நான் கார் ஓட்டத் தெரியும் என்று சொன்னபோது பார்த்த அதே பார்வை.

வடமராட்சிக்காரனுக்கும் பனிக்கட்டியில் ஆடும் ஹொக்கிக்கும் என்ன சொந்தம் என்று கேட்பீர்கள். 1999 மே மாதம் நான் பஃபலோவில் அகதிகள் விடுதி ஒன்றில் கிடந்தேன். கனடாவுக்குள் நுழையத் தவணை கேட்டுவிட்டு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் காத்துக்கிடந்த எத்தனையோ தமிழர்களில் ஒருவன். எதிரே தெரிவது ஃபோர்ட் ஈரி, நடுவில் பீஸ் பிரிட்ஜ். நடந்தே போய்விடலாம், ஆனால் போகக்கூடாது. விடுதியில் ஒரேயொரு தொலைக்காட்சி இருந்தது. அதன் ரிமோட் ஒரு சூடான்காரரின் மடிக்குள் இருந்தது. அந்த மாதம் பஃபலோ முழுக்க ஹொக்கிதான் பார்த்தது, சூடான்காரரும் ஹொக்கிதான் பார்த்தார், ஆகவே நாங்களும் பார்த்தோம்.

முதல் நாள் எனக்கு விளங்கியது கொஞ்சம்தான். சப்பாத்துப் பொலிஷ் ரின் அளவில் ஒரு கறுப்பு ரப்பர் வட்டு. அதை ஆளுக்கொரு தடியோடு துரத்துகிறார்கள். அது எங்கே போகிறது, எப்போது கோலுக்குள் விழுகிறது, ஒன்றும் என் கண்ணில் படவில்லை. சரி, அசையாமல் நிற்கிற ஒருவரையாவது பார்ப்போம் என்று தேடினேன். இருந்தார். மற்றவர்கள் எல்லாம் கவசமும் வியர்வையுமாக வாங்கில் நெருக்கியடித்திருக்க, அவர் மட்டும் கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு, பின்னால் நின்று சுவிங்கம் மென்றுகொண்டிருந்தார். கலியாண வீட்டில் பந்தி பார்க்கிற பெரிய மாமாவின் முகம். பெயர் லிண்டி ரஃப் என்றார்கள். பெயரே ரஃப் என்றால் ஆள் எப்படி இருப்பார் என்று எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. அப்போது அவருக்கு 39 வயது. அதே அணியில் விளையாடி, அதற்கே கப்டனாகவும் இருந்து, பிறகு 1997இல் அதற்கே கோச்சாக வந்தவர்.

அந்த மாதம் சேபர்ஸ் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸை நான்குக்கு ஒன்று என்று வீட்டுக்கு அனுப்பியது. எந்த நாட்டுக்குள் விடச் சொல்லி விண்ணப்பம் போட்டிருந்தேனோ, அந்த நாட்டு அணி தோற்கக் கைதட்டிக்கொண்டிருந்தேன். நல்லகாலம், இதைப் பற்றி நேர்முகத்தில் யாரும் கேட்கவில்லை.

பிறகு டலஸ் அணியோடு இறுதித் தொடர். ஜூன் 19, ஆறாவது ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று என்று நின்று, மேலதிக நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போய், இரவு ஒன்றரை மணியளவில் டலஸின் பிரெட் ஹல் கோல் அடித்தார். அவருடைய ஒரு கால், கோல் வாசலில் நீலமாகத் தீட்டியிருந்த வளைவுக்குள் நின்றது. வட்டுக்கு முன்னால் கால் உள்ளே போனால் கோல் செல்லாது என்று அந்த வருடம் முழுக்க எத்தனையோ கோல்களைத் தள்ளியிருந்தார்கள். இதை மட்டும் தள்ளவில்லை. வட்டு அவருடைய கட்டுப்பாட்டில்தான் இருந்ததாம். கிண்ணம் டலஸுக்குப் போயிற்று. அடுத்த பருவத்துக்குள் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். அநீதி எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு நீல நிறத்தில் கோடு கீறி, நூறு தரம் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சூடான்காரர் ரிமோட்டை என் கையில் தந்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் பழைய சாமான் கடையொன்றில் ஒரு டொலர் கொடுத்துச் சேபர்ஸின் கம்பளித் தொப்பி வாங்கினேன். கறுப்பும் சிவப்பும், முன்னால் வெள்ளை எருமைத் தலை. இரண்டு கிழமையில் அதைப் போட்டுக்கொண்டுதான் பாலத்தைக் கடந்தேன்.

அப்படிப்பட்ட மனிதரை நான் எப்போது கலைக்கச் சொல்லத் தொடங்கினேன்? 2007இல். அந்த வருடம் வழக்கமான பருவத்தில் லீக்கிலேயே முதலிடம் சேபர்ஸ்தான். பிறகு கிண்ணத்துக்கான பிளே-ஓஃபில் ஒட்டாவாவிடம் தோற்றோம். ஜூலை முதலாம் திகதி, டானியல் பிரியேரும் கிறிஸ் ட்ரூரியும் ஒரே நாளில் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். காசைப் பிடித்து வைத்திருந்தது நிர்வாகம். கையெழுத்தை இழுத்தடித்ததும் நிர்வாகம். ஆனால் நிர்வாகத்தைத் தொலைக்காட்சியில் காட்டுவதில்லையே. காட்டுவது கோட்டும் ரையும் போட்டுச் சுவிங்கம் மெல்லுகிறவரைத்தான். ஆகவே அவரைப் பார்த்துக் கத்தினேன். 2012இல் பயிற்சியின்போது சொந்த ஆட்டக்காரர் ஒருவர் வந்து மோதி ரஃப்புக்கு மூன்று விலா எலும்பு முறிந்தது. ஊரே பாவம் என்றது. "தன்ர ஆள் வாறதையே காணாதவன், எதிரி வாறதை எப்பிடிக் காணப்போறான்?" என்று நான் கேட்டதை மனைவி இன்றைக்கும் என் குணத்துக்குச் சாட்சியாக எடுத்து வைப்பாள்.

அன்றிரவு வேலை இடைவேளையில் வழக்கம்போல ஸ்காபரோவில் எங்கள் ரிம் ஹோர்ட்டன்ஸில் கூடினோம். ரிம் ஹோர்ட்டன் என்பது வெறும் கோப்பிக் கடையின் பெயர் என்று நினைத்து வாழும் தமிழர்கள் நிறையப்பேர். அவர் ஹொக்கி ஆட்டக்காரர். 1967இல் லீஃப்ஸ் கடைசியாகக் கிண்ணம் வென்றபோது அதில் ஆடியவர். கடைசிக் காலத்தில் சேபர்ஸுக்கு ஆடினார். 1974 பெப்ரவரியில் ரொறன்ரோவில் ஒரு ஆட்டம் முடித்து, இரவோடிரவாகப் பஃபலோவுக்குக் காரோட்டிப் போகையில் விபத்தில் இறந்துபோனார். நான் சேபர்ஸ், கூட்டத்தில் மற்றவர்கள் லீஃப்ஸ். எங்கள் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்கமுடியாது.

என் பெரியம்மாவின் மகன் பெரியண்ணைதான் தொடக்கினார். "பதினைஞ்சு வருசத்துக்கு மேல ஒரே கோச்! என்னடா இது, மடத்துச் சுவாமியே? அந்த நேரத்துக்குள்ள நாங்கள் அஞ்சு பேரைப் பார்த்திட்டம்."

பெருமையாகத்தான் சொன்னார். கணக்கும் சரி. மேர்ஃபி, குவின், மொரீஸ், வில்சன், கார்லைல். லீஃப்ஸ் ரசிகர்கள் கோச் கலைப்பதில் கைதேர்ந்தவர்கள். முந்தின வருடம்தான் அரங்கில் இருந்தபடியே ரோன் வில்சனைக் கலைக்கச் சொல்லிக் கோஷம் போட்டு, அந்தக் கிழமை முடியமுன்னர் காரியத்தைச் சாதித்திருந்தார்கள். "அஞ்சு பேரை மாத்தி என்னத்தைக் கண்டியள்?" என்று கேட்டேன். "முயற்சி செய்தனாங்கள்" என்றார் பெரியண்ணை.

எங்களில் ஒரு தம்பி வரிக்கணக்குப் பார்ப்பவன். கைபேசியை நீட்டினான். "அண்ணை, 17 ஆட்டம், ஆறு வெற்றி. நேற்று வின்னிபெக்கிட்டச் சொந்த வீட்டில தோல்வி. நீங்கள் முதலாளியா இருந்தா என்ன செய்வியள்?"

முதல்நாள் வரை நான் என்ன செய்வேன் என்பது அந்த மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பத்துப் பன்னிரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் என் வாயிலிருந்து வேறொன்று வந்தது. "வில்லே லைனோவுக்கு ஆறு வருசத்துக்கு 27 மில்லியன் எழுதிக் குடுத்தது ரஃப்பே? முதல் வருசம் அந்தாள் அடிச்சது எட்டுக் கோல். அந்த ஒப்பந்தத்தைக் கிழிக்க ஏலாது, சம்பள உச்சவரம்பு இருக்குது, வேற ஆளை வாங்கவும் ஏலாது. இருபது பேரைக் கலைக்க ஏலாதெண்டு ஒராளைக் கலைக்கிறாங்கள்."

"இதைத்தானே போன மாதம் நான் சொன்னனான்" என்றார் பெரியண்ணை. "நீ என்னை விசரன் எண்டாய்."

உண்மைதான். ஒரு ரசிகனுக்கு இதில் வெட்கம் கிடையாது. எங்கள் கோச்சை நாங்கள் ஏசலாம், மற்றவன் ஏசக்கூடாது. சொந்தத் தம்பியைப் பற்றிய சட்டம்தான் இங்கேயும்.

மூலையில் ஒரு முன்னாள் கணக்கு வாத்தியார் இருந்தார். ஹொக்கி பார்ப்பதில்லை. ஆனாலும் அவருக்குக் கருத்துச் சொல்ல ஆட்டம் பார்த்திருக்கவேண்டியதில்லை. கோப்பிக் கோப்பையின் விளிம்பை நிமிர்த்திக்கொண்டே கேட்டார். "பிள்ளையள் ஃபெயில், வாத்திக்கு மாற்றம். அப்பிடித்தானே?"

"ஓம் வாத்தியார்."

"என்னையும் ஒருக்கா மாத்தினவங்கள். அடுத்த வருசம் ரிசல்ட் அதைவிட மோசம். மூன்றாம் வருசம் முந்தின வாத்தியைத் தேடிப் பிடிச்சுக் கொண்டுவந்தாங்கள். அதிகாரியளுக்குப் புது யோசினை வராது தம்பி. உந்தக் கோச்சுக்கு முந்தி ஆர் இருந்தது?"

"ரெட் நோலன். அந்த வருசத்தின்ர சிறந்த கோச் எண்டு விருது வாங்கினவர். விருது வாங்கின கையோட போயிட்டார்."

"அப்ப அவருக்கு ஒரு ரெலிபோன் போகும்" என்றார் வாத்தியார். நாங்கள் சிரித்தோம்.

ஒன்பது மாதத்தில், 2013 நவம்பரில், ரஃப்புக்குப் பதிலாக வந்த ரோல்ஸ்ரன் கலைக்கப்பட்டார். அவருடைய பெயரைப் பிழையில்லாமல் சொல்ல நான் பழகியிருக்கவில்லை. வந்தவர் ரெட் நோலன். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு டோனட் வாங்கித் தரச் சொன்னார்.

ரஃப்போ அதற்கிடையில் வேறு அணிக்குக் கோச்சாகப் போயிருந்தார். எங்கே? டலஸ். கால் வைத்த அதே டலஸ்! அந்தச் செய்தி கேட்ட அன்றைக்குத்தான் அந்த எருமைத் தொப்பியைக் கழற்றிக் குப்பைக் கூடைக்குள் எறிந்தேன்.

"துரோகி" என்றேன்.

"பிழைப்புக்குப் போன மனிசன்" என்றாள் மனைவி, கூடைக்குள்ளிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டே. "நீங்கள் இப்ப எந்த நாட்டில இருக்கிறியள்?"

நல்ல கம்பளியை எறியக்கூடாது என்பது அவளுடைய கொள்கை. அன்றுமுதல் அடுப்பிலிருந்து சூட்டுச் சட்டி இறக்குவது அந்த எருமைத் தலையால்தான்.

பிறகு நடந்ததை நீட்டிச் சொன்னால் எனக்கே நெஞ்சு நோகும். நோலன் போனார். பிற்ஸ்பர்க்குக்குக் கிண்ணம் வென்று கொடுத்த பைல்ஸ்மா வந்தார், போனார். முன்னாள் சேபர்ஸ் ஆட்டக்காரர் ஹவுஸ்லி வந்தார், போனார். இங்கிலாந்தில் ஒரு கால்பந்துக் கழகத்துக்குத் தலைவராக இருந்த குரூகர் வந்தார். தொடர்ந்து 18 ஆட்டம் வெல்லாமல் போன 2021இல், அந்த ஓட்டத்தின் நடுவிலேயே இறக்கிவிடப்பட்டார். கிரனாட்டோ மட்டும் 2023இல் ஒரேயொரு புள்ளியால் பிளே-ஓஃபைத் தவறவிட்டார். அந்த ஒரு புள்ளிக்காக அவரை எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த வருடம் அவரும் போனார். ரஃப் இருந்த 2011இல் சேபர்ஸ் பிளே-ஓஃப் ஆடியது. அவருக்குப் பின் வந்த ஆறு பேரில் ஒருவரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆறு பேரையும் நான் கலைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆறு பேரும் கலைக்கப்பட்டார்கள். இவ்வளவு செல்வாக்கு எனக்கு வீட்டில் இருந்ததில்லை.

ரஃப் 2020இல் நியூ ஜேர்சிக்குப் போனார். அங்கே நடந்ததைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். 2022 ஒக்ரோபரில் அணி தோல்வியோடு பருவத்தைத் தொடங்க, சொந்த அரங்கில் முதல் ஆட்டத்திலேயே "லிண்டியைக் கலை" என்று கோஷம். பிறகு அதே அணி தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்றது. நவம்பரில் அதே அரங்கில், அதே ஆட்கள், அதே ராகத்தில் "லிண்டி, மன்னிச்சுக்கொள்" என்று கத்தினார்கள். உலகத்தில் எந்தக் கூட்டமாவது ஒன்றாகச் சேர்ந்து, சுருதி பிசகாமல் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 2024 மார்ச்சில் அதே அணி அவரைக் கலைத்தது.

ஏப்ரல் 22ஆம் திகதி பெரியண்ணை ரெலிபோன் எடுத்தார். "டேய், உன்ர ஆள் திரும்பிப் பஃபலோவுக்கே வாறானாம்."

ரஃப்புக்கு 64 வயது. கலைத்து 11 வருடம். நான் உடனே வாத்தியாருக்கு எடுத்தேன். அவருக்கு இப்போது காது மந்தம். மூன்று தரம் சொன்னேன். விளங்கியதும் நெடுநேரம் இருமினார், சிரிப்பாகவும் இருக்கலாம். "டோனட்" என்றார். "இந்த முறை ரண்டு."

தொப்பியைக் குசினியிலிருந்து மீட்டு, மூன்றுமுறை தோய்த்தேன். பக்கத்தில் கருகின ஓட்டை. எருமைக்கு ஒரு கண் இல்லை. எவ்வளவு தோய்த்தும் கறித்தூள் மணம் போகவில்லை. ஒக்ரோபரில் புதிய பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களைப் பிராக் நகரத்தில் வைத்தார்கள். எதிரணி யார்? அவரைக் கலைத்த நியூ ஜேர்சியேதான். இப்படியொரு கதையைச் சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம். தொப்பியைப் போட்டுக்கொண்டு, கோப்பியும் கையுமாக முன்னுக்கு இருந்தேன். கோட்டு, ரை, சுவிங்கம். தலைமயிர் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை நான்குக்கு ஒன்று, தோல்வி. சனிக்கிழமை காலை மூன்றுக்கு ஒன்று, தோல்வி.

நான் கதிரையிலிருந்து எழும்பி, தொலைக்காட்சியை நோக்கிக் கையை நீட்டி, "உந்தாளை..." என்று தொடங்கினேன்.

மனைவி குசினி வாசலில் நின்றாள்.

"கத்துறதெண்டால் கத்துங்கோ. சோறு வடிக்கவேணும், அந்தத் தொப்பியைத் தாங்கோ."