உப்புக் குளமும் தூத்துக்குடி மாமனாரும்

சிட்னியில் வீடு வாங்கினால் கொல்லையில் நீச்சல் குளமும் சேர்ந்து வந்துவிடும் அபாயம் உண்டு. எங்கள் தலையில் விழுந்தது உப்புநீர்க் குளம். "குளோரின் தொல்லையே கிடையாது, உப்பு மட்டும் போதும்" என்றார் தரகர். தரகர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கும். கடையில் குளோரின் வாங்க வேண்டாம்தான். நாமே காய்ச்ச வேண்டும். மோட்டார் பக்கத்தில் இருக்கும் செல், உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரின் எடுக்கிறது. வீட்டுக் கடன் போதாதென்று ஒரு ரசாயன ஆலைக்கும் முதலாளி ஆனேன்.

ஐம்பதாயிரம் லிட்டர் புதுத் தண்ணீருக்கு 200 கிலோ உப்பு வேண்டும். மூட்டைகளை நான் காரிலிருந்து இறக்குவதைப் பார்த்து, டிசம்பர் வெயிலுக்கு வந்திருந்த மாமனார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்.

"தண்ணிய வத்தவச்சு உப்பு எடுக்கதுக்குள்ள நாங்க படாத பாடு படுதோம். நீங்க காசு குடுத்து வாங்கித் தண்ணியில கொட்டுதீங்களே மாப்ள!"

மறுநாள் உப்பு கரைந்ததும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "கடத்தண்ணில பத்துல ஒரு பங்குதான் இருக்கும். அடர்த்தி இருபத்தஞ்சு டிகிரி வந்தாத்தான் எங்க ஊர்ல உப்பு பூக்கும். இது எந்தக் காலத்துல பூக்க?" கருவியைப் பார்த்தேன்: 4,000 பிபிஎம். கடல் ஏறக்குறைய 35,000. கருவியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மாமனாரையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

உப்பு அவர் துறை; குளோரின்தான் அவரைச் சோதித்தது. காலையில் இருந்த குளோரின் மாலையில் காணோம். வெயில் தின்றுவிடுகிறது, அதைத் தடுக்க ஸ்டெபிலைசர் போட வேண்டும் என்றேன். வெயிலை நம்பியே பிழைத்த மனுஷர். தன் முன்னிலையில் வெயிலைக் குறை சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. இரவில் மோட்டார் ஓட்டி, விடியுமுன் ஒருதரம், வெயில் தாழ ஒருதரம் அளந்து பார்த்தபிறகே ஒப்புக்கொண்டார். செல் ஓட ஓட பிஹெச் ஏறும், அதை இறக்க ஆசிட் ஊற்ற வேண்டும் என்றபோது, "உப்பு, கரண்டு, ஆசிட்டு... இதுல குளிக்க வேற செய்யணுமாக்கும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகள் எல்லாம் குளத்தில். மூக்கைத் துளைக்கும் வாடை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, குளோரின் கூடிப்போச்சு என்று தீர்ப்புச் சொன்னார். விஷயம் நேர்மாறு. வியர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேர்ந்தால் வருவது அந்த வாடை. குளோரின் போதவில்லை என்று அர்த்தம். மாமனாருக்கு இதை விளக்கினேன். அவர் வேதியியலுக்குள் போகவில்லை. பிள்ளைகளை வரிசையாக ஒரு பார்வை பார்த்து, "எவம்ல அது?" என்றார். ஒருவனும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேரும் குளத்தை விட்டு ஏறிவிட்டார்கள்.

குளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு வராவிட்டால் பதறிப்போய்க் குளோரினைக் கூட்டாதீர்கள். குளோரின் அளவுக்கு மீறி இருந்தாலும் அந்த நிறம் வெளுத்துப்போகும். குளத்துத் தண்ணீரோடு குளோரின் இல்லாத தண்ணீரைப் பல மடங்கு கலந்து மறுபடி சோதியுங்கள். அப்போது சிவந்தால், குளத்தில் இருப்பதே மிச்சம்.